ஈட்டி முனையில் ஏற்றப்பட்டவை

"மதம் ஏன் அரசியலின் கருவியாகிறது?" என்று கேட்டால் எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு பதில் சுடச்சுடக் கிடைக்கும்: "அரசியல்வாதி எண்டா அப்பிடித்தானே சேர்." பிழையான பதில் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது கேள்வியை முடித்துவைக்கிறதே தவிர விளக்குவதில்லை. மண்வெட்டியை ஒருவன் எடுக்கிறான் என்றால் அது மண்ணை வெட்டும் என்று தெரிந்துதான் எடுக்கிறான். மதத்தை எடுக்கிறவனும் அப்படித்தான். அது அவனுக்கு என்ன வேலையைச் செய்து கொடுக்கிறது? வேறு கருவியால் முடியாத எதை அது முடித்துக் கொடுக்கிறது? அதற்குப் பிடி போட்டுக் கொடுப்பது யார்? இந்த மூன்றையும் கேட்காமல், எடுத்தவனை மட்டும் ஏசிக்கொண்டிருந்தால் அடுத்த தேர்தலிலும் அதே கடையில் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருப்போம்.

இதை வெருகலை வைத்துப் பேச விரும்புகிறேன். திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லை அது. மகாவலியின் ஒரு கிளை வெருகல் ஆறாகக் கடலைச் சேருகிற இடம். பாலம் வருவதற்கு முன் பாதையில் ஏறித்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆற்றங்கரையில் சித்திர வேலாயுத சுவாமி கோயில். தம்பலகாமத்து வீரக்கோன் முதலியார் அத்தெய்வத்தின் மீது 'வெருகற் சித்திர வேலாயுதர் காதல்' என்ற பிரபந்தத்தைப் பாடினார். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த எனக்கு வெருகல் முதலில் ஒரு நூலின் பெயர், பிறகுதான் ஊர். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற பாதயாத்திரிகர்கள் இவ்வழியாகத்தான் போகிறார்கள். அவர்கள் போய்ச் சேருகிற கதிர்காமத்திலோ முருகன் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் அக்கம்பக்கமாக இருக்கின்றன.

வெருகலுக்கு ஒரு பக்கம் மூதூர், தோப்பூர். இன்னொரு பக்கம் சேருவில விகாரையும் அல்லைத் திட்டத்துக் குடியேற்றங்களும். மூன்று பிரதேச செயலகங்கள், மூன்று சமூகங்கள், ஒரே ஆற்றுத் தண்ணீர். இந்த நாட்டின் சிக்கல் முழுவதையும் மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றியே பார்த்துவிடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எல்லா இரத்தத்துக்கும் மதத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை. 2004 ஏப்ரலில் இந்த வெருகல் ஆற்றங்கரையில் விடுதலைப் புலிகளின் இரு பிரிவுகள் மோதிக்கொண்டபோது இரு தரப்பிலும் விழுந்தவர்கள் ஒரே மொழி பேசிய பிள்ளைகள். பெரும்பாலும் ஒரே மதத்தவர்கள். அதிகாரப் போட்டிக்கு மதம் கட்டாயத் தேவையல்ல. அப்படியிருந்தும் அது ஏன் திரும்பத் திரும்ப மதத்தைத் தேடிப் போகிறது என்பதே கேள்வி.

மூன்று ஈட்டிகள்

மகாவம்சம் சொல்கிற துட்டகைமுனு கதையை நம் பிள்ளைகளும் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறார்கள். எல்லாளனோடு போருக்குப் புறப்படும்போது அவன் தன் ஈட்டியில் புத்தரின் தாதுவைப் பதித்துக்கொண்டான்; தான் போரிடுவது அரச சுகத்துக்காக அல்ல, சாசனத்துக்காகவே என்றான். வென்ற பிறகு, கொன்றவர்களை நினைத்து அவன் மனம் வருந்தியபோது அரகத்துகள் வந்து ஆறுதல் சொன்னார்கள்: கணக்கில் வருகிற மனிதர் ஒன்றரைப் பேர்தான், மற்றவர்கள் மிருகங்களைப் போன்றவர்கள் என்று. அதே நூல்தான் எல்லாளனின் நீதியையும் மனம் திறந்து புகழ்கிறது. நீதியுள்ளவனை வெல்வதற்கு ஈட்டி மட்டும் போதாது, அதன் முனையில் ஒரு தாதுவும் வேண்டியிருந்தது என்றுதான் நான் அந்தக் கதையை வாசிக்கிறேன்.

இரண்டாவது ஈட்டி நம்முடையது. ஹிஜ்ரி 37இல் ஸிப்பீன் களத்தில் தோல்வி நெருங்கிய வேளையில் சிரியாப் படையினர் குர்ஆன் பிரதிகளை ஈட்டி முனைகளில் உயர்த்தினார்கள். ஸஹாபாக்களின் விடயத்தில் நாவைக் காத்துக்கொள்வது நமது மரபு. ஆகவே யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்தக் காட்சியின் விளைவை மட்டும் பார்க்கிறேன். அலி (ரழி) அவர்களின் படை அந்த இடத்திலேயே இரண்டுபட்டது. பின்னர் தீர்ப்பு அல்லாஹ்வுக்கே உரியது என்ற கோஷத்தோடு கவாரிஜ்கள் பிரிந்து போனபோது, சொல்லப்படுவது உண்மை, ஆனால் அதைக்கொண்டு நாடப்படுவது பொய் என்ற கருத்துப்பட அலி (ரழி) பதில் சொன்னதாக வரலாறு பதிந்திருக்கிறது. மத அரசியல் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை எந்தப் பல்கலைக்கழகத்திலும் நான் படிக்கவில்லை. ஹிஜ்ரி 40இல் அவர்களின் உயிரைப் பறித்ததும் அதே கோஷக்காரர்களில் ஒருவன்தான்.

மூன்றாவது முருகனின் வேல். 2020 நவம்பரில் தமிழ்நாட்டுப் பாரதிய ஜனதாக் கட்சி திருத்தணியிலிருந்து வேல் யாத்திரை புறப்பட்டது. அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல். 2025இல் திருப்பரங்குன்றத்து மலையில் சிக்கந்தர் தர்கா இருப்பது திடீரென்று ஒரு பிரச்சினையாக்கப்பட்டது; ஜூனில் மதுரையில் முருக பக்தர் மாநாடு நடந்தது; அதற்கும் அடுத்த ஆண்டு தேர்தல். வெருகலில் வேலாயுதனின் கையில் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிற வேலை ஒருவரும் எங்களுக்கு எதிராக ஓங்கியதில்லை. வேல் அதேதான், அதைத் தூக்கிய கைதான் வேறு.

பங்கிடக்கூடியதும் பங்கிட முடியாததும்

அரசியல் என்பது பெரும்பாலும் பங்கீடுதான். காணி, தண்ணீர், வேலை, பாடசாலைக் கட்டடம், ஆசனம். இவற்றில் எனக்கு அரைவாசி, உனக்கு அரைவாசி என்று பேசித் தீர்க்க வழி உண்டு. பேசித் தீர்ந்துவிட்டால் தலைவருக்கு வேலை இல்லை. மதம் செய்து கொடுக்கிற முதல் வேலை இதுதான்: பங்கிடக்கூடிய ஒன்றைப் பங்கிட முடியாத ஒன்றாக மாற்றிவிடுகிறது. காணியைப் பாதி கொடுக்கலாம். புனிதத்தைப் பாதி கொடுக்க முடியுமா?

வெருகல் பிரதேசத்துக்குள்ளேயே உதாரணம் இருக்கிறது. இலங்கைத்துறை முகத்துவாரத்துக் குன்றைத் தமிழர்கள் முருகன் வழிபாட்டோடு சேர்த்து நினைக்கிறார்கள். பௌத்த மரபில் அது லங்காபட்டுன. 4ஆம் நூற்றாண்டில் ஹேமமாலாவும் தந்த குமாரனும் புனித தந்த தாதுவோடு கரையிறங்கிய துறை. போரில் அப்பகுதி இராணுவத்தின் கைக்கு வந்த பிறகு அங்கே சமுத்திரகிரி விகாரை எழுந்தது. ஒரு துறைமுகத்துக்கு இரண்டு நினைவு இருக்கக்கூடாதா? தாது வந்திறங்கிய துறையில் முருக பக்தனும் வள்ளம் கட்டியிருக்கலாம். அரபு வணிகனும் தண்ணீர் மொண்டு குடித்திருக்கலாம். துறை என்றாலே பலர் வந்து போகிற இடம்தானே. ஆனால் "இது யாருடையது?" என்ற கேள்வியை அரசியல் எழுப்பியதும் நினைவுகள் உறுதிப்பத்திரங்களாகிவிடுகின்றன. ஒரு காணிக்கு இரண்டு உறுதி இருந்தால் வழக்குத்தான்.

2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமைசெய்ய ஜனாதிபதிச் செயலணி அமைக்கப்பட்டது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். உறுப்பினர்களில் பிக்குகள் இருந்தார்கள். தமிழ் பேசுகிற மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தக் குழுவில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. தொல்பொருள் ஓர் அறிவியல். அதில் யாருக்கும் பகையில்லை. ஆனால் அகழ்வாராய்ச்சிக்குப் பாதுகாப்புச் செயலாளர் எதற்கு என்ற கேள்விக்கு அறிவியலில் பதில் இல்லை.

திருகோணமலை நகரிலும் இதே பாடம். 2005 மே மாதம் பஸ் நிலையத்தருகே ஓர் இரவில் புத்தர் சிலை வைக்கப்பட்டது. ஹர்த்தால், பதற்றம், உயிரச்சம். இருபது வருடம் கழித்து 2025 நவம்பரில் கடற்கரையோரக் காணியொன்றில் சிலை வைக்கப்பட்டது, இரவோடிரவாக அகற்றப்பட்டது, மறுநாள் திரும்பவும் வைக்கப்பட்டது. அடியில் கிடந்தது கரையோரத்தில் கட்டடம் கட்ட அனுமதி உண்டா இல்லையா என்ற நிர்வாகக் கேள்வி. ஒரு கடிதத்தில் முடிந்திருக்க வேண்டியது. சிலை வந்து அமர்ந்ததும் கடிதம் எழுதவேண்டிய உத்தியோகத்தரின் கை நடுங்குகிறது. சிலையை வைத்தவர்கள் எதிர்பார்த்ததும் அந்த நடுக்கத்தைத்தான். போதிசத்துவர் எல்லாவற்றையும் துறந்து அரண்மனையை விட்டு வெளியேறியவர். அவரைக் கொண்டுவந்து காணிக்கு வேலிக்கட்டையாக நடுவது அவருக்குச் செய்கிற மரியாதையா என்பதைப் பௌத்த நண்பர்கள்தான் கேட்க வேண்டும். கேட்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

கணக்குக் கேட்க முடியாத வாக்குறுதி

இரண்டாவது வேலை, கணக்கிலிருந்து தப்புவிப்பது. "வீதி போட்டுத் தருவேன்" என்றவரிடம் ஐந்து வருடம் கழித்து வீதி எங்கே என்று கேட்கலாம். "மார்க்கத்தைக் காப்பாற்றுவேன்" என்றவரிடம் என்ன கேட்பது? எத்தனை கிலோமீட்டர் காப்பாற்றினீர்கள் என்றா?

மூன்றாவது, மதம் தயார்நிலையில் இருக்கிற அமைப்பு. கட்சிக்குக் கிளை கட்டப் பணமும் காலமும் வேண்டும். விகாரைக்கு மணி இருக்கிறது, கோயிலுக்குத் திருவிழாக் கூட்டம் இருக்கிறது, பள்ளிவாசலுக்கு ஒலிபெருக்கியும் ஜும்ஆவும் இருக்கின்றன. அரசியல்வாதிக்குச் செலவில்லாத சபை.

1915ஐ எடுத்துக்கொள்வோம். கம்பளையில் பெரஹர பள்ளிவாசல் முன்னால் மேளத்தோடு போகலாமா என்ற வழக்கு நீதிமன்றங்களில் ஏறி இறங்கியது. மே 28ஆம் திகதி வெசாக் இரவில் கண்டியில் தொடங்கிய கலவரம் தென்னிலங்கை முழுதும் பரவியது. மேளம் ஒரு காரணம். ஆனால் எரிந்தவை பெரும்பாலும் கடைகள். யுத்தகால விலையேற்றமும், சில்லறை வணிகத்தில் கரையோர முஸ்லிம்களோடு இருந்த போட்டியும் மேளத்துக்குப் பின்னால் நின்றன. 2014 அளுத்கம, 2018 திகன, 2019 மினுவாங்கொடை என்று பார்த்துக்கொண்டு வந்தால் நூறு வருடத்திலும் எரிகிற பொருள் மாறவில்லை என்பது தெரியும்.

கருவியை எடுத்தவனின் கை கருவிக்குள் சிக்குவதும் உண்டு. 1956 புத்த ஜயந்தி ஆண்டு. எக்சத் பிக்கு பெரமுன ஊர் ஊராகப் போய் பண்டாரநாயக்கவுக்கு வாக்குச் சேர்த்தது. அதன் முன்னணியில் நின்றவர் களனி விகாராதிபதி மாபிட்டிகம புத்தரக்கித தேரர். மூன்று வருடத்தில், 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி, தல்துவே சோமாராம என்ற பிக்கு பிரதமரை அவரது வீட்டிலேயே சுட்டார். மறுநாள் அவர் இறந்தார். சதியின் சூத்திரதாரியாக நீதிமன்றம் கண்டது அதே புத்தரக்கித தேரரை. அவருடைய கோபத்துக்குப் பின்னால் சாசனம் இருக்கவில்லை, எதிர்பார்த்துக் கிடைக்காத வணிக வாய்ப்புகள் இருந்தன. மதத்தை வாக்குப் பெட்டிவரை மட்டும் கொண்டுபோய் அங்கேயே இறக்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு அந்த வழக்கு ஒன்று போதும்.

எங்கள் வீட்டுக்குள்

இதுவரை அடுத்தவர் வீட்டைப் பற்றியே அதிகம் பேசிவிட்டேன். வாசகர்களுக்கும் அது சுகமாக இருந்திருக்கும். இனிச் சுகமில்லாத பகுதி.

முஸ்லிம் அரசியல் சும்மா பிறக்கவில்லை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று ஆய்வுரை எழுதினார். சட்டசபையில் முஸ்லிம்களுக்கு ஓர் ஆசனம் வழங்கப்படவிருந்த காலம் அது. அடுத்த வருடமே அந்த ஆசனம் வந்தது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுப்பு எழுதினார். நாம் யார் என்ற கேள்வி ஓர் ஆசனத்தோடு சேர்ந்தே நம்மிடம் வந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. பிறகு தந்தை செல்வா தமிழ் பேசும் மக்கள் என்ற குடையை விரித்தார். கிறிஸ்தவரான அவரைச் சைவர்கள் தலைவராக ஏற்றார்கள். கிழக்கின் முஸ்லிம்களும் அந்தக் குடைக்குள் வந்தார்கள். மதத்தை விட்டுவிட்டு ஓர் அரசியல் சாத்தியம் என்பதற்கு அது சான்று. ஆனால் 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டபோதும், அதே ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோதும் அந்தக் குடையில் நமக்கு இடமில்லை என்று துப்பாக்கியால் சொல்லப்பட்டது. 1981இல் காத்தான்குடியில் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸ் ஏன் வளர்ந்தது என்று புரியாதவர்கள் இந்தக் காயத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். 1988இல் மாவட்ட வெட்டுப் புள்ளி 12.5 வீதத்திலிருந்து 5 வீதமானது மர்ஹூம் அஷ்ரப் நமக்கு மட்டுமன்றி எல்லாச் சிறு கட்சிகளுக்கும் வாங்கிக் கொடுத்த கூலி. கணக்குக் காட்டக்கூடிய அரசியல் அது.

அதே கட்சி குர்ஆனையும் சுன்னாவையும் தன் வழிகாட்டியாக அறிவித்துக்கொண்டு மேடையேறியது. தக்பீர் முழங்கியது. நோக்கத்தில் நான் சந்தேகப்படவில்லை. ஆனால் சொற்களைப் பார்ப்பது என் தொழில். மேடைகளில் இத்தனை வருடமாக நான் கேட்டுவந்த சொற்கள் இவை: கட்சித் தலைவருக்குக் கொடுப்பது பைஅத். கட்சி மாறுவது, மாறுகிறவர் சொன்னால் ஹிஜ்ரத். மற்றவர் சொன்னால் முனாபிக்தனம். வென்றால் பத்ர், தோற்றால் உஹத். வாக்கு அமானிதம். இந்தக் கடைசிச் சொல் மட்டும் இடத்தோடு பொருந்துகிறது. வேடிக்கை என்னவென்றால் அமானிதம் என்றால் திருப்பிக் கேட்கலாம், கணக்குக் கேட்கலாம். அந்தப் பொருளை விட்டுவிட்டு ஒலியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

சொல் இப்படித் தேய்ந்தால் யாருக்கு நட்டம்? அரசியலுக்கு ஒன்றுமில்லை. நட்டம் தீனுக்குத்தான். முனாபிக் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு முஃமினின் நெஞ்சு தன்னைப் பற்றி நடுங்க வேண்டும். இன்று அதைக் கேட்டால் என் மாணவர்களுக்கு எதிர்க்கட்சி வேட்பாளரின் முகம் ஞாபகம் வருகிறது.

அஷ்ரப் தன் கடைசிக் காலத்தில் எல்லாச் சமூகத்தவருக்குமாகத் தேசிய ஐக்கிய முன்னணியைத் தொடங்கினார். 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விழுந்ததோடு அந்த முயற்சியும் தளர்ந்தது. தான் ஏறிய படியின் எல்லை எங்கே என்று அவர் கண்டிருந்தார் என்றே நான் அதை வாசிக்கிறேன். பின்வந்தவர்கள் படியை வீடென்று நினைத்துக் குடியேறிவிட்டார்கள்.

தேர்தல் முறையும் இதற்குத் தீனி போடுகிறது. திருகோணமலை மாவட்டத்துக்கு ஆசனம் நான்கு, சமூகம் மூன்று. ஆகவே ஒவ்வொரு தேர்தலிலும் "நம்மட ஆள் இல்லாமப் போயிடுவான்" என்ற பயம் இலவசமாகக் கிடைக்கிறது. அதோடு விருப்பு வாக்கு. ஒரே பட்டியலில் நிற்கிற இரண்டு முஸ்லிம் வேட்பாளர்கள் முதலில் ஒருவரையொருவர் தோற்கடிக்க வேண்டும். எனவே யார் அதிக மார்க்கப் பற்றுள்ளவர் என்ற போட்டி. அதுவும் சரிவராதபோது உம்மத் கிண்ணியாவாகவும் மூதூராகவும் பிரிந்துகொள்கிறது. காலையில் ஒரே உடம்பு, மாலையில் இரண்டு ஊர்.

இந்தக் கருவியின் உண்மையான எடையை நாம் 2020இல் பார்த்தோம். கொவிட் ஜனாஸாக்களை எரிக்க ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தையும் அனுமதித்திருந்தது. எரிப்பு நடந்துகொண்டிருந்த ஒக்டோபர் 22ஆம் திகதி 20ஆவது திருத்தம் 156 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்க்கட்சி வரிசையிலிருந்து அதற்கு ஆதரவாக வாக்களித்தவர்களில் பலர் முஸ்லிம் உறுப்பினர்கள். மார்க்கத்தின் பெயரால் வாக்குக் கேட்டு வந்தவர்கள். எரிப்பு அதற்குப் பிறகும் நான்கு மாதம் தொடர்ந்தது. டிசம்பரில் இருபது நாள் குழந்தையொன்று எரிக்கப்பட்டது. அப்போது பொரளை மயானத்து வேலியில் வெள்ளைத் துணி கட்ட வந்தவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தார்கள். தக்பீர் சொல்லி அனுப்பியவர்கள் கை உயர்த்தினார்கள்; தக்பீர் சொல்லத் தெரியாதவர்கள் துணி கட்டினார்கள்.

2019 ஏப்ரல் 21ஐயும் இங்கே சொல்லாமல் விட முடியாது. ஸஹ்ரானின் கூட்டம் தேவாலயங்களில் செய்தது அரசியலே. மார்க்கச் சொற்களைப் போர்த்திய கொலை அரசியல். அதன் பின் ஒரு பிக்குவின் உண்ணாவிரதத்தால் முஸ்லிம் அமைச்சர்கள் கூட்டாக இராஜினாமாச் செய்தார்கள். அந்த வருட நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல், அச்சத்தின் மேலேயே நடந்து முடிந்தது. ஒரு கூட்டம் எடுத்த கருவி இன்னொரு கூட்டத்துக்குக் கருவி செய்து கொடுத்தது. இவை ஒன்றையொன்று தின்று வளர்பவை. 2018இல் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் அபாயா அணிந்த ஆசிரியைகளின் விவகாரத்திலும் இதைக் கண்டோம். ஆசிரியர் ஓய்வறையில் பேசித் தீர்ந்திருக்கக்கூடியது பதாகையாகி வீதிக்கு வந்தது. மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் உரிமையை ஏற்றும், 2022இல் அதே வாசலில் மீண்டும் அதே கொந்தளிப்பு. தமிழர் மத்தியில் 2016இல் சிவசேனை தோன்றியதற்கும் இந்தச் சூழலுக்கும் தொடர்பில்லை என்று எப்படிச் சொல்வது?

அளவுகோலா, கருவியா?

"இஸ்லாத்தில் மதம் வேறு, அரசியல் வேறு என்று இல்லையே சேர்" என்று இப்போது ஒருவர் கேட்பார். நல்ல கேள்வி. நானும் அப்படிப் பிரிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கோலை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். துணிக்கடைக்காரன் அளப்பதற்கு வைத்திருக்கிறான், சண்டைக்காரன் அடிப்பதற்கு. மார்க்கம் அரசியலுக்கு அளவுகோலாக இருக்கும்போது முதலில் அளக்கப்படுகிறவர் ஆட்சியாளர். அபூபக்கர் (ரழி) பொறுப்பேற்ற அன்று, நான் நேராக நடந்தால் உதவுங்கள், கோணினால் நிமிர்த்துங்கள் என்ற பொருளில்தான் பேசினார்கள். கோலை மக்கள் கையில் கொடுத்தார்கள். நம் காலத்துத் தலைவர் கோலைத் தன் கையில் வைத்துக்கொண்டு மக்களின் ஈமானை அளக்கிறார். வித்தியாசம் இதுதான்: கோல் யார் கையில், அளக்கப்படுவது யார்?

மஸ்ஜிதுழ் ழிராரின் வரலாறு ஸூரா தௌபாவில் இருக்கிறது. மதீனாவில் சிலர் பள்ளிவாசல் கட்டினார்கள். வெளித்தோற்றத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விசுவாசிகளைப் பிரிக்கவும் தீங்கு செய்யவும் கட்டப்பட்டது அது என்று அல்லாஹ் அறிவித்தான்; அங்கே நிற்க வேண்டாம் என்று றஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் தடுக்கப்பட்டார்கள்; கட்டடம் இடிக்கப்பட்டது. மத அரசியலை மதத்துக்கு வெளியே நின்று கண்டிப்பது மேற்கத்தேயச் சிந்தனை என்று சொல்பவர்களுக்கு இந்த வரலாறு பதில். பள்ளிவாசல் என்பதாலேயே ஒரு காரியம் புனிதமாகிவிடாது என்பது நம் வேதத்தின் தீர்ப்பு. அதே அளவையால் விகாரையையும் கோயிலையும் அளக்கிற உரிமை, நம்முடையதை முதலில் அளந்தால்தான் நமக்கு வரும்.

கழித்துப் பார்த்தல்

நான் உயர்தர வகுப்பில் மேடைப் பேச்சுகளை மொழிப் பயிற்சியாகக் கொடுப்பதுண்டு. பெயர் சொல்லாமல், கட்சி சொல்லாமல். இரண்டு வேலை செய்யச் சொல்வேன்.

முதலாவது, கழித்தல். பேச்சில் உள்ள மதச் சொற்களை எல்லாம் பென்சிலால் வெட்டுங்கள். மிச்சம் என்ன? சில பேச்சுகளில் "ஆகவே எனக்கு வாக்களியுங்கள்" என்பது மட்டும் மிஞ்சும். அது மதத்தைக் கருவியாக்கிய பேச்சு. சில பேச்சுகளில் ஒரு கோரிக்கை, ஒரு திகதி, ஒரு தொகை, ஒரு பொறுப்பாளி மிஞ்சும். அது அரசியல். ஜனாஸா அடக்க உரிமைக்கான கோரிக்கையை இப்படிக் கழித்துப் பாருங்கள். இறந்தவரை அடக்கக் குடும்பத்துக்கு உள்ள உரிமை, விஞ்ஞான ஆதாரமில்லாத தடை, நீக்கவேண்டிய வர்த்தமானி எல்லாம் அப்படியே மிஞ்சி நிற்கும். ஆகவே மத உரிமை கேட்பதெல்லாம் மதத்தைப் பயன்படுத்துவதாகாது. கழித்தாலும் நிற்பது உரிமை. கழித்ததும் விழுவது வியாபாரம்.

இரண்டாவது, மாற்றிப் போடல். அதே பேச்சில் நம் மதத்தின் இடத்தில் அடுத்தவர் மதத்தைப் போட்டு வாசியுங்கள். "இந்தப் பிரதேசம் எங்கள் மார்க்கத்தவரின் கையில்தான் இருக்க வேண்டும்" என்பதைச் சேருவிலையில் ஒரு பிக்கு சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? நெஞ்சு பதறினால், நாம் சொன்னதும் பிழைதான். வகுப்பில் இந்த இடத்தில் ஒரு மௌனம் வரும். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன், "அப்ப ரெண்டு பேரும் ஒரே பேச்சத்தான் பேசுறாங்க சேர்" என்பான். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான் தமிழ் படிப்பிக்கிறேன் என்று சில நாட்களில் தோன்றும்.

பிடி போட்டுக் கொடுப்பது யார் என்று தொடக்கத்தில் கேட்டேன். நாம்தான். தேர்தல் காலத்தில் வேட்பாளரை முன் ஸப்பில் அமர்த்தி, தொழுகை முடிந்ததும் சலாம் கொடுக்க வரிசையில் நிற்கிற ஜமாஅத்தும் நாம்தான். பள்ளிவாசலுக்கு அவர் தந்த கம்பளத்தை நினைவில் வைத்துக்கொண்டு, பாடசாலைக்குக் கிடைக்காத விஞ்ஞான ஆசிரியரை மறந்துபோவதும் நாம்தான். ஆன்மீகத் தீங்கைக் காட்டி வாக்காளரை அச்சுறுத்துவது தேர்தல் சட்டத்தில் குற்றம் என்பது எத்தனை நிர்வாக சபைகளுக்குத் தெரியும்? மிம்பரை எந்த வேட்பாளருக்கும் கொடுப்பதில்லை, கம்பளத்துக்கும் வாக்குக்கும் முடிச்சுப் போடுவதில்லை என்று இரண்டு தீர்மானத்தைப் பதிவுப் புத்தகத்தில் எழுத எந்தத் தலைவரின் அனுமதியும் தேவையில்லை.

2006 ஜூலையில் மாவிலாறு அணை மூடப்பட்டது. அந்தத் தண்ணீர் சேருவிலைக்கும் மூதூருக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் போவது. அதைத் தொடர்ந்து வெடித்த போரில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். வெருகல் தமிழர்கள் ஷெல்லுக்குள் வாகரைக்கு ஓடினார்கள். சேருவிலையின் சிங்கள விவசாயிகளின் வயல் காய்ந்தது. மூன்று ஊரிலும் இன்று அந்தக் கதையைக் கேட்டால் ஒவ்வொரு ஊரும் தன் துயரத்தை மட்டும் சொல்கிறது. ஒரே தண்ணீரின் கதை மூன்று மதத்தின் கதையாகிவிட்டது.

ஆனாலும் ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் முன் விவசாயிகளின் ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. தண்ணீர் எந்தத் திகதியில் திறப்பது, எப்போது மூடுவது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் என்று பேசுகிறார்கள். குரல் உயரும், ஏச்சுப் பேச்சும் வரும். ஆனால் அங்கே ஒருவரும் வேதத்தைத் தூக்குவதில்லை. ஏனென்றால் திகதி குறித்த வாக்குறுதி அது. அந்த நாளில் வாய்க்காலைப் போய்ப் பார்த்தால் தண்ணீர் வந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவரிடமும் அந்தக் கூட்டத்தில் கேட்கிற கேள்வியையே கேட்போம்: என்ன தருவீர்கள், எந்தத் திகதியில்?